ஒலியை முந்தும் இறக்கைகள்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் மாலை நேர இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப் போக வரும் பெற்றோர் கேட்பார்கள், அரக்கோணம் பக்கத்து உறவினர்கள் கல்யாண வீட்டில் உட்காரவைத்துக் கேட்பார்கள். சூப்பர்சோனிக் (ஒலியைவிட வேகமான) விமானம், அதிர்ச்சி அலை, திடீரென்று வரும் பெரிய சத்தம் என்று சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், கடினமானவை பிறகு. வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் வந்தவை தேவைப்படும்.

சார், மாக் 1னா கரெக்டா எத்தனை கிலோமீட்டர் வேகம்? ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொரு நம்பர் போட்டிருக்கே.

எல்லா எண்ணும் சரியாகத்தான் இருக்கும். வெப்பநிலையைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். விமானத்தின் வேகத்தை, அது பறக்கும் இடத்துக் காற்றில் ஒலி போகும் வேகத்தால் வகுத்தால் வருவது மாக் எண். மே மாதம் வேலூரில் 42 டிகிரி அடிக்கும் மதியத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 356 மீட்டர் போகும். மணிக்கு 1,280 கிலோமீட்டர். தர வளிமண்டலக் கணக்குப்படி 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரி. அங்கே ஒலி நொடிக்கு 295 மீட்டர்தான், அதாவது மணிக்கு 1,060 சொச்சம்.

மேலே காற்று மெலிந்திருப்பதால் ஒலி மெதுவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் போகப்போக அழுத்தமும் குறைகிறது, அடர்த்தியும் குறைகிறது. ஒலி வேகக் கணக்கில் இவை இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கடைசியில் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்.

அதிர்ச்சி அலைன்னா என்ன? அது காத்துல நெஜமாவே இருக்கா, இல்ல கணக்குல மட்டும் வர்றதா?

நிஜமாகவே இருக்கிறது. படம்கூட எடுக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். காற்றில் நகரும் எந்தப் பொருளும் தன் முன்னால் உள்ள காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் சிறு அழுத்த மாற்றமாக, ஒலி வேகத்தில், நாலா பக்கமும் பரவும். விமானம் ஒலியைவிட மெதுவாகப் போனால் இந்தச் சேதி முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். இறக்கை வருவதற்கு முன்பே காற்று மேலும் கீழுமாக விலகத் தொடங்கும். விமானம் ஒலியை முந்திவிட்டால் சேதி போக வழியே இல்லை.

பெங்களூரு நெடுஞ்சாலையில் கிரீன் சர்க்கிளை நெருங்கும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், முன்னால் நிற்கும் வண்டிகளின் பிரேக் விளக்கு தூரத்திலேயே தெரியும், எல்லோரும் மெல்ல வேகத்தைக் குறைப்பார்கள். மார்கழி மூடுபனியில் கடைசி வண்டி கண்ணெதிரே வந்த பிறகுதான் தெரியும். மொத்த வேகத்தையும் சில அடிக்குள் குறைத்தாக வேண்டும், வண்டிகளின் இடைவெளியும் அங்கேயே சுருங்கிவிடும். சேதி கிடைக்காத காற்றுக்கும் இதுதான் கதி. அந்தத் திடீர் நெருக்கம் நடக்கும் மெல்லிய தளம்தான் அதிர்ச்சி அலை.

எவ்வளவு மெல்லியது? தரைமட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு அடுத்ததன் மேல் மோதும் முன் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு தூரமே போகிறது. வலுவான அதிர்ச்சி அலையின் தடிமன் அதைப்போலச் சில மடங்குதான். மாக் 2இல் வரும் காற்று நேர்க்குத்தான அதிர்ச்சி அலை ஒன்றைத் தாண்டினால், அந்தச் சிறு தூரத்துக்குள் அழுத்தம் 4.5 மடங்காகும், அடர்த்தி 2.67 மடங்காகும், கெல்வின் அளவில் வெப்பநிலை 1.69 மடங்காகும், வேகம் மாக் 0.58க்கு இறங்கும். நீங்களே கணக்குப் போட விரும்பினால்: மாக் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து, 1.167ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். அதுதான் அழுத்த விகிதம்.

பிளேன் சவுண்டோட வேகத்தைத் தாண்டுற அந்த ஒரு செகண்ட்லதானே 'டமார்'னு சத்தம் வரும்?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. தாண்டும் நொடியில் மட்டும் வருவதில்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரம் முழுவதும் கூம்பு வடிவத்தில் ஓர் அதிர்ச்சி அலை விமானத்தோடு கூடவே போகிறது. அந்தக் கூம்பு தரையில் எந்த ஊரைத் தொடுகிறதோ, அந்த ஊருக்கு அப்போது சத்தம். இதைத்தான் சோனிக் பூம் என்கிறார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரும் ஒரு முறை கேட்கும். விமானி அதைக் கேட்பதில்லை.

மாக் எண் கூடக்கூடக் கூம்பு ஒடுங்கும். கூம்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பு, ஒன்றை மாக் எண்ணால் வகுத்தால் வருவது. மாக் 1.4 என்றால் சுமார் 45 டிகிரி, மாக் 2 என்றால் 30 டிகிரி. 15 கிலோமீட்டர் உயரத்தில், மாக் 2இல், ஒரு விமானம் வேலூர்க் கோட்டைக்கு நேர் மேலாகக் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி வேகம் எங்கும் ஒன்றே என்று எளிதாக்கினால், கோட்டை வாசலில் நிற்பவருக்குச் சத்தம் கேட்கும்போது விமானம் 26 கிலோமீட்டர் தள்ளி, வாலாஜாபேட்டைப் பக்கம் போயிருக்கும். சத்தம் வந்த திசையில் அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரியாமல் போவது இதனால்தான்.

இன்னொன்று. மூக்குப் பக்கத்து அலைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து முன்னாலும், வால் பக்கத்தவை சேர்ந்து பின்னாலும் இரண்டு தாவல்களாகத் தரைக்கு வருகின்றன. பெரிய விமானம் என்றால் 'டம் டம்' என்று இரட்டையாகக் கேட்கும். சிறிய சண்டை விமானத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தோன்றலாம்.

போன மாசம் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்துச்சு சார். அரக்கோணம் நேவி பிளேன்தானே?

அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளியின் மேல் இந்தப் பழி அடிக்கடி விழுகிறது. 1992இல் தொடங்கிய அந்தத் தளத்தில் இன்று இருக்கும் முக்கியமான விமானம் பி-8ஐ. போயிங் 737 பயணிகள் விமானத்திலிருந்து உருவாக்கப்பட்ட கடல் கண்காணிப்பு விமானம் அது. ஒலி வேகத்துக்குக் கீழேதான் பறக்கும். அதற்கு முன்பு, 2017 வரை அங்கே இருந்த டியூ-142 புரொப்பெல்லர் விமானம். காது கிழியச் சத்தம் போட்டாலும் அதுவும் ஒலியை முந்தியதில்லை. ஹெலிகாப்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, ராஜாளி விமானங்களால் சோனிக் பூம் வராது.

தமிழ்நாட்டில் சூப்பர்சோனிக் விமானங்கள் இருப்பது தஞ்சாவூரிலும் (சுகோய்-30) சூலூரிலும் (தேஜஸ்). நமக்கு மேற்கே பெங்களூரில் சோதனைப் பறப்புகள் நடக்கின்றன. 2020 மே 20 அன்று பெங்களூரு முழுக்கக் கேட்ட சத்தம் நினைவிருக்கலாம். விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று நகர எல்லைக்கு வெளியே 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையில் சூப்பர்சோனிக் வேகத்திலிருந்து இறங்கியபோது அது கேட்டிருக்கலாம் என்று பாதுகாப்புத் துறை விளக்கம் கொடுத்தது.

உங்கள் ஜன்னல் அதிர்ந்தது எதனால் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று தள்ளித்தள்ளி இருக்கும் மூன்று பேருக்குப் போன் போடுங்கள். கல்குவாரி வெடி என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தோடு நின்றுவிடும். சோனிக் பூம் என்றால் பல பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு, சில நொடி அல்லது நிமிட வித்தியாசத்தில், எல்லோரும் கேட்டிருப்பார்கள். அழுத்தம் ஒன்றும் பயங்கரம் இல்லை. உயரத்தில் பறக்கும் விமானத்தின் பூம் தரையில் 50 முதல் 100 பாஸ்கல்தான், வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நொடியில் சிறு பகுதிக்குள் திடீரென்று ஏறுவதால்தான் உடம்பு தூக்கிப்போடுகிறது.

இடியும் அதிர்ச்சி அலைதானா?

பிறக்கும்போது ஆமாம். மின்னல் தன் பாதையில் உள்ள காற்றைச் சுமார் 30,000 கெல்வினுக்குச் சூடாக்குகிறது. அது வெடித்து விரிவது அதிர்ச்சி அலையாகத்தான். சில மீட்டர் தூரத்திலேயே வலுவிழந்து சாதாரண ஒலியாகிவிடும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் விண்கல் வெடித்தபோது அதிர்ச்சி அலை நகரம் வரை வலுவோடே வந்தது. முதலில் கண்ணைக் கூசும் ஒளி. என்ன என்று பார்க்க ஜன்னலுக்குப் போனவர்கள் மேல் ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்துக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். வானத்தில் அப்படி ஒரு பளிச்சென்ற ஒளியைப் பார்த்தால் ஜன்னலை விட்டு விலகி நில்லுங்கள்.

ஒலிச்சுவர் ஒலிச்சுவர்னு சொல்றாங்களே, அங்க இன்னாதான் இருக்குது?

சுவர் எதுவும் இல்லை. துப்பாக்கிக் குண்டும் பீரங்கிக் குண்டும் விமானத்துக்கு வெகுகாலம் முன்பே ஒலியை முந்திவிட்டன. 1740களிலேயே பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், குண்டின் வேகம் ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென்று கூடுவதை அளந்து எழுதியிருக்கிறார். விமானங்களுக்கு அந்தத் தடை பெரிய சிக்கலானது. மாக் 0.9ஐத் தாண்டும்போது இழுவிசை பல மடங்கு ஏறியது, எஞ்சின் பலம் போதவில்லை. அதைவிட ஆபத்தானது, வால் இறக்கையின் மேல் உருவான அதிர்ச்சி அலை அங்கிருக்கும் கட்டுப்பாட்டு மடிப்புகளைச் செயலிழக்க வைத்தது. விமானி கம்பை இழுத்தும் மூக்கு மேலே வராமல் சிலர் இறந்தார்கள்.

1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் பெல் எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் மாக் 1.06ஐத் தொட்டார். அதற்கு உதவிய முக்கியமான மாற்றம், மடிப்பை மட்டும் அசைக்காமல் வாலின் கிடைப்பகுதி முழுவதையும் சாய்க்கும் ஏற்பாடு. பிறகு வந்த சூப்பர்சோனிக் விமானங்களில், வால் உள்ளவற்றில், இது வழக்கமாகிவிட்டது.

பிளேனைச் சுத்தி வெள்ளையா ஒரு கூம்பு போட்டோல வருதே, அதுதானே ஷாக் வேவ்?

அது நீராவி குளிர்ந்து துளிகளான மூடுபனி. இறக்கையையும் உடலையும் சுற்றிக் காற்று விரியும் இடத்தில் குளிர்ந்து, ஈரப்பதம் நுண்துளிகளாகிறது. மேகத்தின் பின் விளிம்பு பல நேரம் அதிர்ச்சி அலை இருக்கும் இடத்தில் வெட்டினாற்போல் முடியும், ஏனென்றால் அங்கே காற்று மீண்டும் சூடாகித் துளிகள் ஆவியாகும். ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழேகூட இது வரும். கடல் மேல் எடுத்த படங்களில் அதிகம் தெரிவதற்கு ஈரப்பதம் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளிலும் இதைக் காணலாம்.

பாதை அகலமானா காத்து மெதுவாகும்னு படிச்சோம். சூப்பர்சோனிக்ல அகலமானா வேகம் கூடும்னு சொல்றீங்களே, எப்படி?

கூடத்தான் செய்யும். ஒலிக்குக் கீழே காற்றின் அடர்த்தி அதிகம் மாறுவதில்லை. அதனால் பாதை விரிந்தால் வேகம் குறைந்தாக வேண்டும். ஒலிக்கு மேலே, வேகம் கொஞ்சம் கூடினாலே அடர்த்தி அதைவிட வேகமாகச் சரியும். அதே நிறைக் காற்று வெளியேற அதிக இடம் வேண்டும். ஆகவே பாதை அகலமாவதும் வேகம் கூடுவதும் கைகோத்து நடக்கும். ராக்கெட்டின் அடிப்பகுதி விரிந்திருப்பது இதற்காகத்தான்.

இறக்கையில் இதன் பொருள் என்ன? மேற்பரப்பு காற்றுக்கு எதிராகத் திரும்பும் இடத்தில் அதிர்ச்சி அலை. காற்றிலிருந்து விலகித் திரும்பும் இடத்தில் விசிறி வடிவ விரிவு, அங்கே அழுத்தம் குறைந்து வேகம் கூடும். இந்த விரிவைக் கணக்கிடும் முறையை 1908இல் லுட்விக் பிராண்டலும் அவருடைய மாணவர் தியோடர் மேயரும் கொடுத்தார்கள். சூப்பர்சோனிக் இறக்கையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு துண்டுகளே பெரும்பாலும் போதும். இந்த எளிமை எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அப்போ சூப்பர்சோனிக்ல இறக்கை எப்படித் தூக்குது? மேல வளைவு, கீழ தட்டைங்கிற கதையெல்லாம் உண்டா?

வளைவே வேண்டாம், ஒரு தட்டைத் தகடு போதும். அதைக் காற்றுக்கு மூன்று டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். கீழ்ப்பரப்பு காற்றுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது, அங்கே சாய்வான அதிர்ச்சி அலையும் அதற்குப் பின்னால் கூடிய அழுத்தமும். மேற்பரப்பு விலகித் திரும்பியிருக்கிறது, அங்கே விரிவு விசிறி, குறைந்த அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூக்குவிசை.

1925இல் யாகோப் ஆக்கெரெட் இதற்கு எளிய சூத்திரம் கொடுத்தார். சாய்வுக் கோணத்தை ரேடியனில் எடுத்து, நான்கால் பெருக்கி, மாக் வர்க்கத்தில் ஒன்று கழித்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால் தூக்குவிசைக் கெழு (தூக்குவிசையை ஒப்பிட உதவும் அலகில்லாத எண்). மாக் 2, மூன்று டிகிரி என்றால் 0.12. அந்த விசை தகட்டுக்குச் செங்குத்தாக இருப்பதால் அதில் ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கும். இதுதான் அலை இழுவிசை. உராய்வே இல்லாத காற்றிலும் இது உண்டு. அதிர்ச்சி அலைகளாக வெளியே போகும் ஆற்றலை எஞ்சின்தான் கட்ட வேண்டும்.

தகட்டுக்குத் தடிமன் வந்தால் இன்னொரு செலவு சேரும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் அந்தச் செலவு நான்கு மடங்கு. உராய்வையும் சேர்த்தால், மாக் 2இல் கான்கார்ட் என்ற சூப்பர்சோனிக் பயணிகள் விமானத்தின் தூக்குவிசை இழுவிசையைப்போலச் சுமார் 7 மடங்குதான் இருந்தது. இன்றைய பயணிகள் விமானங்கள் 17, 18 மடங்கு எளிதாகப் பெறும். சூப்பர்சோனிக் பயணம் ஏன் விலை கூடியது என்பதற்கு என் பதில் இந்த இரண்டு எண்கள்தான்.

சாதா பிளேனோட இறக்கை முன்னாடி உருண்டையா இருக்கு. இது ஏன் இவ்வளவு கூரா, மெல்லிசா இருக்கு?

மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் இப்போது சொன்ன நான்கு மடங்கு கணக்கு. கூர்மைக்குக் காரணம் வேறு. சாய்வான அதிர்ச்சி அலை காற்றை ஓரளவுக்குத்தான் திருப்ப முடியும். மாக் 2இல் அந்த எல்லை சுமார் 23 டிகிரி. உருண்டை முனை அதைவிட அதிகம் திருப்பச் சொல்கிறது. அப்போது அலை முனையை விட்டு விலகி, முன்னால் வில்லாக நின்றுகொள்ளும், நடுப்பகுதியில் நேர்க்குத்தாகவும் இருக்கும். நேர்க்குத்து அலைதான் இருப்பவற்றிலேயே அதிகம் செலவு வைப்பது.

அமெரிக்காவின் எஃப்-104 விமானத்தின் இறக்கை முனை, தரையில் வேலை செய்பவர்களைக் கீறிவிடாமல் இருக்க உறை மாட்டும் அளவுக்குக் கூராக இருந்தது. ஆனால் கூர்மையான, மெல்லிய, குட்டையான இறக்கை மெதுவாகப் பறக்கும்போது கைவிட்டுவிடும். அந்த விமானம் வேகமாகத் தரையிறங்க வேண்டியிருந்தது, விபத்துகளுக்கும் பேர்போனது.

அப்ப தேஜஸ், கான்கார்ட் எல்லாம் ஏன் முக்கோண இறக்கை வெச்சிருக்கு?

கூர்மையை மட்டும் நம்பாமல் இருக்க ஒரு வழி, இறக்கையைப் பின்னுக்குச் சாய்ப்பது. 1935இல் ரோமில் நடந்த வோல்டா மாநாட்டில் அடோல்ஃப் புசெமான் இதை முன்வைத்தார். சாய்ந்த விளிம்பை நோக்கி வரும் காற்றை இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள்: விளிம்புக்குக் குறுக்கே ஒன்று, விளிம்போடு ஒன்று. அழுத்தங்களைத் தீர்மானிப்பது குறுக்குக் கூறு மட்டுமே. விமானம் ஒலியை முந்தினாலும் அந்தக் கூறு ஒலிக்குக் கீழே இருக்கலாம். அரக்கோணத்தில் டியூ-142ஐப் பார்த்தவர்கள் புரொப்பெல்லர் விமானத்துக்குப் பின்சாய்ந்த இறக்கையா என்று வியந்திருப்பார்கள். அங்கும் இதே காரணம்தான், ஒலிக்குக் கீழே இருந்தாலும் அது வேகமான விமானம்.

மேலே சொன்ன கூம்புக் கணக்கை இங்கே எடுங்கள். மாக் 2இல் அரைக்கோணம் 30 டிகிரி. இறக்கையின் முன்விளிம்பு அந்தக் கூம்புக்குள் அடங்க வேண்டும் என்றால் 60 டிகிரிக்கு மேல் பின்சாய வேண்டும். அவ்வளவு சாய்ந்த நீண்ட, ஒல்லியான இறக்கை முறுக்கிக்கொள்ளும். பின்பக்கத்தை நிரப்பி முக்கோணமாக்கிவிட்டால் வேர்ப்பகுதி நீளமாகிறது. எரிபொருளுக்கும் சக்கரத்துக்கும் இடம் கிடைக்கிறது, நீளத்தோடு ஒப்பிட்டால் தடிமன் சதவீதமும் குறைகிறது. எனக்கு இது ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

தரையிறங்கும்போது முக்கோணம் இன்னொரு வேலையும் செய்கிறது. மூக்கை நன்றாகத் தூக்கினால் முன்விளிம்பிலிருந்து காற்று சுருண்டு, இறக்கையின் மேலே இரண்டு சுழல்கள் உருவாகும். சுழலின் நடுவே அழுத்தம் குறைவு, அதனால் கூடுதல் தூக்குவிசை. கான்கார்ட் மூக்கை உயர்த்தித் தரையிறங்கியது இதற்காகத்தான். அந்த நிலையில் விமானிக்கு ஓடுபாதை தெரிய வேண்டும் என்றுதான் அதன் மூக்கை மடக்கினார்கள். தேஜஸ் வால் கிடைப்பகுதியே இல்லாமல், இரண்டு சாய்வுக் கோணங்கள் கொண்ட டெல்டா (முக்கோண) இறக்கையோடு பறக்கிறது. அதை நிலையாக வைத்திருப்பது கணினிக் கட்டுப்பாடு.

சென்னையிலேந்து போற ஏர்பஸ் சூப்பர்சோனிக் இல்லையே. அதோட இறக்கைலயும் அதிர்ச்சி அலை வரும்னு சொல்றீங்க, எப்படி?

விமானம் மாக் 0.78இல் போகிறது. இறக்கையின் மேலே வளைந்து ஓடும் காற்று அதைவிட வேகமாக ஓடுகிறது. சில இடங்களில் மாக் 1ஐத் தாண்டி 1.2 வரைகூடப் போகும். இறக்கையின் முதுகில் ஒரு சிறு சூப்பர்சோனிக் பகுதி உருவாகி, பின்னால் நேர்க்குத்தான ஓர் அதிர்ச்சி அலையோடு முடியும். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது ஜன்னல் வழியே இறக்கையைப் பாருங்கள். இறக்கை நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு லேசாக முன்னும் பின்னும் நடுங்குவது சில நேரம் தெரியும். அதிர்ச்சி அலையின் நிழல்தான் அது. சாதாரண மனிதர் வெறும் கண்ணால் இதைப் பார்க்கக் கிடைக்கும் சிறந்த வாய்ப்பு என்பேன்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. இறக்கைத் தோலை ஒட்டி, உராய்வால் மெதுவாகிப்போன ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. அதிர்ச்சி அலையின் திடீர் அழுத்த ஏற்றத்தை எதிர்த்து ஏற அந்தப் படலத்துக்குத் தெம்பு போதாவிட்டால், அது இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். விமானம் குலுங்கும், தூக்குவிசை சரியும். இந்த மோதலை அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மனோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் சதீஷ் தவன். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதிர்ச்சி அலைகளை ஆராய்ந்தவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நாட்டின் முதல் சூப்பர்சோனிக் காற்றுச் சுரங்கத்தை அமைத்தவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத காத்துல இதையெல்லாம் எப்படிப் படம் பிடிக்கிறாங்க?

அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி சற்றே வளையும். ஆகஸ்ட் டோப்லர் 1864இல் இதைப் பயன்படுத்தும் ஷ்லீரன் முறையை வெளியிட்டார். ஒரு குழியாடி, ஒரு சிறு ஒளி மூலம், குவியத்தில் ஒரு கத்தி விளிம்பு. வளைந்த ஒளியில் ஒரு பகுதியை விளிம்பு மறைத்துவிட, அடர்த்தி மாற்றம் வெளிச்சமும் நிழலுமாகத் தெரியும். இதை வைத்துத்தான் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் பறக்கும் குண்டின் அதிர்ச்சி அலையைப் படமெடுத்தார்கள். 1887இல் வெளிவந்தது. 2019இல் நாசா, வானில் பறக்கும் இரண்டு டி-38 விமானங்களின் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதையே இன்னொரு விமானத்திலிருந்து படம்பிடித்துக் காட்டியது.

பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1967 முதல் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் ஒன்று இயங்குகிறது. ஒலிக்குக் கீழ், ஒலியை ஒட்டி, ஒலிக்கு மேல் என மூன்று நிலையிலும் சோதிக்கலாம். தேஜஸின் மாதிரிகளும் அங்கே சோதிக்கப்பட்டவைதான்.

நம்ம நாட்டு மாருத் விமானம் மாக் 2 போகும்னு செஞ்சாங்களாமே. ஏன் போகல?

ஓய்வுபெற்ற ஒரு விமானப்படைக்காரர் வருத்தத்தோடு கேட்டது. எச்.எஃப்.-24 மாருத், ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டேங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. வடிவம் மாக் 2ஐ மனதில் வைத்து வரைந்தது. அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவே இல்லை. ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாத ஆர்ஃபியஸ் எஞ்சின்களோடு மாக் 1ஐ ஒட்டியே அது நின்றுவிட்டது. ஒலிச்சுவர் பற்றிய பதிலில் சொன்ன இழுவிசை ஏற்றத்தைத் தாண்ட உந்துவிசை வேண்டும். நல்ல இறக்கை அந்தக் கடனைக் குறைக்கும், தள்ளுபடி செய்யாது. இறக்கை வரைந்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

வடிவத்தாலேயே கடனைக் குறைத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் ஒய்.எஃப்.-102 நேர்ப் பறப்பில் மாக் 1ஐத் தாண்டத் திணறியது. ரிச்சர்ட் விட்கோம்ப், இறக்கை தனி உடல் தனி என்று பார்க்காமல், விமானத்தின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு மூக்கிலிருந்து வால் வரை சீராக ஏறி இறங்க வேண்டும் என்றார். இறக்கை தொடங்கும் இடத்தில் உடலின் இடுப்பை ஒடுக்கினார்கள். திருத்திய விமானம் 1954 டிசம்பரில் ஒலி வேகத்தைத் தாண்டிவிட்டது. தேஜஸின் முதல் மாதிரி 2003 ஆகஸ்ட் 1 அன்று தாண்டியது.

அதிர்ச்சி அலையைத் தாண்டினதும் காத்து எப்பவும் ஒலிக்குக் கீழ வந்துடுமா?

நேர்க்குத்தான அலையில் எப்போதும் வரும். சாய்வான அலையில் பெரும்பாலும் வராது. மாக் 2 காற்றைப் பத்து டிகிரி திருப்பும் ஆப்பு, 39 டிகிரியில் ஓர் அலையை உண்டாக்கும். அதைத் தாண்டிய பிறகும் காற்று மாக் 1.64இல் ஓடும்.

எஞ்சின் வாயில் இதன் பயன் தெரியும். ஜெட் எஞ்சினுக்குள் காற்று ஒலிக்குக் கீழே வந்துதான் நுழைய வேண்டும். மாக் 2இலிருந்து ஒரே நேர்க்குத்து அலையில் இறக்கினால் மொத்த அழுத்தத்தில் (காற்றை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தத்தில்) 28 சதவீதம் வீணாகும். முதலில் பத்து டிகிரி சாய்வு அலை, பிறகு நேர்க்குத்து அலை என்று இரண்டு படியில் இறக்கினால் இழப்பு சுமார் 13 சதவீதம். கான்கார்டின் காற்று வாயில் அசையும் சாய்தளங்கள் வைத்தது இதற்குத்தான்.

வேகமா போனா பிளேன் சூடாகுதே, உராய்வுதானே காரணம்?

உராய்வு ஒரு பங்கு. விமானத்தின் முன் வந்து நிற்கும் காற்று நெருக்கப்படுவதே சூடாக்கப் போதும். வெளியே மைனஸ் 56.5 டிகிரி இருந்தாலும் மாக் 2இல் முனையில் நின்றுபோன காற்று 117 டிகிரியைத் தொடும். மாக் 3 என்றால் 330 டிகிரிக்கு மேல். கான்கார்டின் மூக்குக்கு 127 டிகிரி என்று வரம்பு வைத்திருந்தார்கள், அலுமினியக் கலவை அதற்கு மேல் நெடுநாள் தாங்காது. சூட்டில் அந்த விமானம் பறக்கும்போது 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டது. மாக் 3ஐத் தாண்டிய அமெரிக்க உளவு விமானம் எஸ்.ஆர்.-71ஐப் பெரும்பாலும் டைட்டானியத்தில் கட்டினார்கள்.

தூக்குவிசை பின்னாடி நகரும்னு படிச்சேன். அப்ப மூக்கு கீழ போயிடாதா?

போகும், விட்டால். ஒலிக்குக் கீழே தூக்குவிசை, இறக்கையின் அகலத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) முன்னிருந்து கால் பங்கு தூரத்தில் செயல்படுகிறது. தட்டைத் தகட்டின் சூப்பர்சோனிக் நிலையில் அழுத்தம் நீளம் முழுக்கச் சமமாக இருப்பதால் அது நடுவுக்கு வந்துவிடும். வால் மடிப்பைத் தூக்கிச் சமாளிக்கலாம், ஆனால் அதுவும் இழுவிசைதான். கான்கார்டில் வேகமெடுக்கும்போது சுமார் 20 டன் எரிபொருளை முன்தொட்டிகளிலிருந்து பின்னுக்கு இறைத்து, விமானத்தின் எடை மையத்தையே நகர்த்தினார்கள். வேகம் குறைக்கும்போது திரும்ப முன்னுக்கு.

தரைக்குச் சத்தமே வராம சூப்பர்சோனிக் போக முடியாதா?

ஓரளவு முடியும். முதல் பதிலில் பார்த்தபடி தரைப்பக்கம் காற்று சூடு, அங்கே ஒலி வேகம் அதிகம். அதனால் கீழே இறங்கும் அலை மெல்ல மேல்நோக்கி வளைகிறது. மாக் 1.15 போன்ற குறைந்த சூப்பர்சோனிக் வேகத்தில், போதிய உயரத்தில் பறந்தால் அலை தரையைத் தொடாமலே திரும்பிவிடும். 2025 ஜனவரி 28 அன்று பூம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சோதனை விமானம் எக்ஸ்.பி.-1 மாக் 1.12இல் பறந்தபோது தரையில் பூம் கேட்கவில்லை என்று அறிவித்தார்கள்.

அதைவிட வேகமாகப் போக வேண்டும் என்றால் வடிவத்தை மாற்ற வேண்டும். நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானம் சுமார் 30 மீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூக்கே. உடல் நெடுக எழும் சிறு அலைகள் வழியில் ஒன்று சேர்ந்து பெரிய தாவலாகாதபடி பிரித்து வைப்பதுதான் நோக்கம். அப்படிச் செய்தால் தரையில் ஒரு மெல்லிய 'தொப்' மட்டும் கேட்க வேண்டும்.

கடைசியா ஒன்னு. அலை இழுவிசையே இல்லாத இறக்கை செய்ய முடியாதா சார்?

ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் கேள்வி, எனக்கு மிகவும் பிடித்தது. பாதி பதிலைப் புசெமான் 1930களிலேயே கொடுத்துவிட்டார். இரண்டு இறக்கைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, தடித்த பக்கங்களை உள்நோக்கித் திருப்பினார். ஒன்றின் முனையில் பிறக்கும் அதிர்ச்சி அலை எதிர் இறக்கையின் சரியான மூலையில் போய் விழுந்து, அங்கே பிறக்கும் விரிவால் அழிக்கப்படும். தடிமனால் வரும் அலை இழுவிசை, கணக்குப்படி, கிட்டத்தட்டப் பூஜ்யம்.

மறுபாதியில் சிக்கல். தடிமனின் செலவை அழித்தாலும் தூக்குவிசையின் செலவு அழியாது. தட்டைத் தகட்டில் பார்த்ததுபோல, தூக்க வேண்டுமானால் கீழே அழுத்தம் கூட வேண்டும், மேலே குறைய வேண்டும். அந்த வித்தியாசம் அலையாக வெளியே போயே தீரும். நீளமான இறக்கையில் அதைப் பரப்பிக் குறைக்கலாம், அவ்வளவுதான். தவிர, புசெமானின் ஏற்பாடு குறிப்பிட்ட ஒரு மாக் எண்ணுக்கு மட்டும் பொருந்தும். அதைவிட மெதுவாக வந்தால் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு காற்றை விழுங்க முடியாமல் அடைத்துக்கொள்ளும், முன்னால் வில் அலை ஒன்று நின்றுவிடும், இழுவிசை சாதாரண இறக்கையைவிட மோசமாகும். ஒருமுறை அடைத்தால், வடிவமைத்த வேகத்தையும் தாண்டிப் போனால்தான் அந்த அலை உள்ளே விழுங்கப்பட்டு விலகும்.